ஒரு வயதுக் குழந்தை எதற்குச் சிரிக்க வேண்டும்?

1. தலை மாற்றும் வேலை

இந்தத் தொழிலில் முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை, ஒரு குழந்தையின் தலையை மாற்றுவது. காரைக்காலில் ஒரு கலர் லேபில் ஆல்பம் டிசைனராகச் சேர்ந்திருந்தேன். வயது இருபத்து மூன்று. ஃபோட்டோஷாப் ஆறு மாதம் படித்த சர்டிஃபிகேட்டைத் தவிர என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. முதலாளி ஒரு சிடியைப் போட்டு, முதல் பிறந்தநாள் படங்கள் நூற்றுச் சொச்சத்தைத் திறந்து காட்டினார். எல்லாப் படத்திலும் குழந்தை வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தது. கேக் முன்னால் அழுகை, தாய்மாமன் மடியில் அழுகை, செயின் போடும்போது அழுகை. ஒரே ஒரு படத்தில் மட்டும் எதையோ பார்த்து லேசாகச் சிரித்திருந்தது.

"இந்தச் சிரிச்ச மூஞ்சிய எடுத்து எல்லாத்துலயும் ஒட்டிடும்மா. லைட்டிங் மட்டும் பாத்துக்க. அழுவாத ஆல்பம் கேட்டிருக்காங்க" என்றார்.

ஒட்டினேன். நன்றாகவே ஒட்டினேன் என்று முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார். நாற்பது பக்க ஆல்பத்தில் அந்தக் குழந்தை ஒரே திசையைப் பார்த்து ஒரே சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தது. வாங்க வந்த அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, அன்று பூராவும் அழுததே, எப்போது சிரித்தது என்று கேட்டார். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள் என்று முதலாளி அலட்டிக்கொள்ளாமல் சொன்னார். பெற்ற தாயிடம், உன் பிள்ளை சிரித்ததை நீ பார்க்கவில்லை என்று சொல்வதற்கு என்ன துணிச்சல் வேண்டும். அந்த அம்மாவும் தலையாட்டிக்கொண்டு வாங்கிப் போனார்.

ஏழு வருடம் அந்த வேலையைச் செய்தேன். எத்தனை குழந்தைகளின் தலையை மாற்றியிருப்பேன் என்று கணக்கில்லை. பிறகு சொந்தமாக ஸ்டூடியோ வைத்தபோது, கேமராவை நானே எடுத்துக்கொண்டேன், தலை மாற்றும் வேலையை விட்டேன். என் ஸ்டூடியோவில் எல்லாம் நிஜம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. அந்தத் திமிர் ஒரு குழந்தையை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இப்போது பேபி ஷூட் தொழிலுக்கு நிறையப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் படிக்க வேண்டும்.

2. கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்கள்

ஸ்டூடியோவுக்கு வரும் ஃபோனில் பாதிப் பேருக்கு ஒரே கேள்விதான். சிரிக்கிற மாதிரி எத்தனை ஃபோட்டோ தருவீர்கள்? குழந்தை எப்போது தூங்கும், யாரிடம் ஒட்டும், எதைக் கண்டால் பயப்படும் என்று ஒருவரும் சொல்வதில்லை. நாமாகக் கேட்டால், "அதெல்லாம் வீட்ல சிரிச்சிக்கிட்டேதான் இருக்கும் மேடம்" என்பார்கள். வீட்டில் சிரிக்கும். வீட்டில் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று அதற்குத் தெரியும்.

ஒரு வயதுக் குழந்தை ஏன் அழுகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பசிக்கும், தூக்கம் வரும். நெட் கவுனின் உள்தையல் அக்குளில் உறுத்தும். கிரீடத்தின் எலாஸ்டிக் காதுக்குப் பின்னால் அறுக்கும். இவை எதுவும் இல்லாவிட்டாலும் அழும், ஏனென்றால் அது வேற்றுமுகம் பார்க்கிற வயது. ஆறு மாதத்தில் யார் கை நீட்டினாலும் தாவுகிற குழந்தை, பத்துப் பதினோரு மாதத்தில் முகத்தை உற்றுப் பார்க்கும். தெரியாத முகம் என்றால் உதட்டைப் பிதுக்கும். அது வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வளர்ந்ததைக் கொண்டாடத்தான் பிறந்தநாள் வைக்கிறோம். வளர்ந்ததை அது காட்டினால் நமக்குக் கோபம் வருகிறது.

அழ ஆரம்பித்தவுடன் நடப்பதைப் பார்க்க வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வந்து நின்றுகொள்வார்கள். சித்தி ஒரு பக்கம் கிலுகிலுப்பையை ஆட்டுவார். மாமா இன்னொரு பக்கம் குரங்கு மாதிரி குதிப்பார். பெரியப்பா ஃபோனில் பாட்டைப் போட்டுத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார். எல்லாரும் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். குழந்தை யாரைத்தான் பார்க்கும்? என் மூஞ்சியில் வெளிச்சம் அடித்துக்கொண்டு, முள்ளு முள்ளாகக் குத்துகிற துணியை மாட்டிவிட்டு, எட்டுப் பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துக் கத்தினால் நானும்தான் அழுவேன்.

இதற்கும் மசியவில்லை என்றால் அடுத்தது மிரட்டல். அழுதால் அந்த ஆண்ட்டி ஊசி போட்டுவிடுவார்கள் என்று என்னைக் கை காட்டுவார்கள். ஒன்பதாம் மாதத் தடுப்பூசியை இன்னும் மறக்காத குழந்தை, அந்தப் பக்கத்திலிருந்து வரும் பளீர் வெளிச்சத்தை என்னவென்று நினைக்கும்? ஒரு தடவை ஒரு அப்பாவிடம், ஊசி போடுகிறவளைப் பார்த்து நீங்கள் சிரித்துக் காட்டுங்கள், பிறகு குழந்தையைச் சிரிக்கச் சொல்லலாம் என்று சொன்னேன். மனிதர் ஒரு மாதிரி பார்த்தார். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கவில்லை, அதுவரைக்கும் நல்லவர்.

தொழிலில் நாங்கள் செய்கிற அநியாயமும் ஒன்று உண்டு. அதை மறைக்கப்போவதில்லை. அம்மா கண்ணில் பட்டால் குழந்தை அங்கேயே தாவும், வேறு யார் மடியிலும் படம் எடுக்க முடியாது. அதனால், "அம்மா மட்டும் கொஞ்சம் பேக்ட்ராப்புக்குப் பின்னால போங்க" என்று, பின்னணிக்குத் தொங்கவிட்ட திரைக்குப் பின்னால் அனுப்பிவிடுவோம். அந்த அறையில் குழந்தைக்கு நன்றாகத் தெரிந்த ஒரே முகம் அது. அதை எடுத்துவிட்டு, ஏன் அழுகிறது என்று கேட்போம். நானும் கேட்டிருக்கிறேன்.

3. வியாழக்கிழமை

கோட்டுச்சேரியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. குழந்தையின் பெயர் தன்விகா. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் முதல் பிறந்தநாள். அப்பா சதீஷ் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். மனைவி ரம்யா ஐந்து மாதக் கர்ப்பமாக இருக்கும்போது போனவர், பதினைந்து நாள் லீவில் இரண்டு நாள் முன்புதான் திருச்சியில் வந்து இறங்கியிருந்தார். கூட வந்தவர் சதீஷின் அக்கா வசந்தா. தாய் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் என்று வந்த ஐந்தாவது நிமிடத்தில் அவரே சொல்லிவிட்டார். பேசுவதெல்லாம் அவர்தான். ரம்யா டயப்பர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள்.

அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு படம். மண்டப வாசலில் வைக்கிற வெல்கம் போர்டில், அப்பா மகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க வேண்டும், மகள் சிரிக்க வேண்டும்.

ரம்யாவின் இடுப்பில் இருந்தவரைக்கும் குழந்தை நன்றாகத்தான் இருந்தது. என் லென்ஸ் மூடியைப் பிடுங்கி வாயில் வைத்துப் பார்த்தது. அது சிரித்ததை அப்படியே இரண்டு படம் எடுத்துக்கொண்டேன். சதீஷ் கையில் கொடுத்தவுடன் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு வீறிட்டது. மறுபடி ரம்யா, மறுபடி சதீஷ். நாற்பது நிமிடம் இப்படிப் போனது. வழக்கம்போல ரம்யாவை பேக்ட்ராப்புக்குப் பின்னால் அனுப்பினேன். அவள் வளையல் சத்தம் கேட்ட பக்கமெல்லாம் குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதது.

வசந்தா பொறுமை இழந்து, கையிலிருந்த ஃபோனை ஆட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "அப்பா எங்கடி? அப்பாவக் காட்டு பாப்போம்."

அப்பாவின் கையில் இருந்துகொண்டே, அழுதுகொண்டே, குழந்தை விரலை நீட்டி ஃபோனைக் காட்டியது.

ஒரு வருடமாக அதன் அப்பா இருந்த இடம் அதுதான். அது தப்பாக ஒன்றும் காட்டவில்லை. யாரும் சிரிக்கவில்லை. சதீஷ் குழந்தையின் கிரீடத்தைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டார். பிரேக் எடுத்துக்கலாமா மேடம் என்று கேட்டார். அதற்குள் நான் ஒரு ஃப்ரேம் எடுத்திருந்தேன். குழந்தை இரண்டு கையையும் ஃப்ரேமுக்கு வெளியே நீட்டி அழுகிறது. அது விழுந்துவிடாமல் அவருடைய இரண்டு கையும் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன.

வசந்தா என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். அம்மாவிடம் சிரித்த முகத்தை எடுத்து இதில் வைத்துவிட முடியாதா, கம்ப்யூட்டரில் எல்லாம் செய்கிறார்களே என்று கேட்டார். இங்கேதான் என் திமிர் பேசியது.

"நான் அந்த வேலை செய்யறதில்லீங்க. நிஜமாவே எடுக்கலாம். சனிக்கிழமை காலைல வாங்க. நல்லாத் தூங்க வச்சுக் கூட்டிட்டு வாங்க. தூக்கம் நல்லா இருந்தா குழந்தை அழுவாது" என்றேன், ஏதோ எல்லாம் தெரிந்தவள் போல.

குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த சதீஷ் நிமிர்ந்து, எவ்வளவு நேரம் தூங்கியிருக்க வேண்டும் என்று கேட்டார். எவ்வளவு தூங்குகிறதோ அவ்வளவு நல்லது என்றேன். அப்பா ஊருக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகிறது, குழந்தைக்கு அவர் ஒரு வேற்றுமுகம், அதற்குத் தூக்கமா மருந்து என்று எனக்கு உறைக்கவில்லை. வேற்றுமுகம் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் நான்.

4. சனிக்கிழமை

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார்கள். குழந்தை சதீஷின் தோளில் சாய்ந்திருந்தது. ரம்யா பின்னால் வந்தாள். வசந்தாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பாருங்க மேடம், அப்பன்கிட்ட ஒட்டிக்கிச்சு. ரத்தம்ல" என்றார்.

நானும் நம்பினேன். நம்ப எனக்கு ஆசையாக இருந்தது. ஃப்ளாஷ் லைட்டை, வெளிச்சத்தை மென்மையாக்குகிற சாஃப்ட்பாக்ஸில் போட்டு, பவரைக் குறைத்து, அவரை ஸ்டூலில் உட்கார வைத்தேன். குழந்தை அவர் நெஞ்சில் கன்னத்தை வைத்திருந்தது. ஒரு கை அவர் சட்டையின் மேல் இருந்தது. அவர் தாடையை அதன் தலைமேல் மெதுவாக வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். போஸ் கொடுக்கச் சொன்னால் மூடுகிற மாதிரி அல்ல அது. இத்தனை வருடத்தில் நான் எடுத்த நல்ல படங்களில் இது ஒன்று என்று அந்த நிமிடமே தெரிந்தது. பதினான்கு ஃப்ரேம் எடுத்தேன்.

கேமரா ஸ்க்ரீனில் ஓட்டிப் பார்த்தேன். பதினான்கும் ஷார்ப்பாக இருந்தன. குழந்தைகளை எடுத்தவர்களுக்குத் தெரியும், நூறு எடுத்தால் குறைந்தது முப்பது ஷேக் ஆகியிருக்கும். கை ஆடும், தலை திரும்பும், ஃப்ளாஷுக்குக் கண் மூடும். இங்கே ஒன்றுகூட ஆடவில்லை. ஜூம் செய்து பார்த்தேன். பாதி திறந்த கண், முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரைக்கும் அதே பாதியில் இருந்தது.

எப்போதும் கழுத்தில் தொங்குகிற குருவி விசிலை எடுத்து ஊதினேன். எந்தக் குழந்தையும் அதற்குத் திரும்பாமல் இருந்ததில்லை. தன்விகா திரும்பவில்லை. அவர் சட்டைமேல் இருந்த கை நழுவித் தொங்கியது.

கேமராவை வைத்துவிட்டுப் போய்க் கன்னத்தைத் தட்டினேன். கண்ணைத் திறந்து எங்கேயோ பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. மூச்சு இருந்தது, ஆனால் மெதுவாக இருந்தது. ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டேன். ரம்யா பயந்துபோய், இல்லை, காலையில் எழுந்து கொஞ்ச நேரத்திலேயே மறுபடி தூங்கிவிட்டது, பால்கூடச் சரியாகக் குடிக்கவில்லை என்றாள். நான் மறுபடி கேட்டேன். வசந்தா தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சளி மருந்து கொஞ்சம் குடுத்தேன். என் மவனுக்கு வாங்குனது. தூங்கட்டும்னு" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. ஃபோட்டோவுக்காகவா கொடுத்தீர்கள் என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. லைட்டைக்கூட அணைக்காமல் கதவைப் பூட்டினேன். சதீஷ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கி ஓடினார். அவர்கள் வந்த காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

5. வார்டில்

டாக்டர் சின்னப் பெண். வசந்தாவின் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்த பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, யார் கொடுத்தது என்று கேட்டார். வசந்தா கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி.

"இது பெரிய பிள்ளைக்கு எழுதினது. இந்த வயசுக் குழந்தைக்கு இதக் குடுத்தா மூச்சே அடங்கிப் போயிடும், தெரியுமா உங்களுக்கு? தூங்க வைக்கவா மருந்து குடுப்பாங்க?"

வசந்தா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். குழந்தையின் காலில் ஒயரைக் கட்டி, மானிட்டரை வைத்தார்கள். இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் தெளிகிறவரை கூடவே இருந்து பார்க்க வேண்டும், முழித்துப் பசிக்கு அழுதால் உடனே கூப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

அழுதால் கூப்பிட வேண்டுமாம். அழுகையை நிறுத்துவதையே தொழிலாக வைத்திருக்கிறவள் நான். விசில், கிலுகிலுப்பை, சோப்பு முட்டை, எத்தனை வித்தை. அந்த இரும்புக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அழும்மா, அழுதுடும்மா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக வேண்டிக்கொண்டேன். ரம்யா குழந்தையின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

சும்மா உட்கார முடியாமல் வராந்தாவுக்குப் போனேன். அங்கே நின்ற வசந்தாவைப் பிடித்துக்கொண்டேன். உங்களுக்கு ஒரு போர்டு வேண்டும் என்பதற்காகப் பச்சைக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பீர்களா, வருகிற சொந்தக்காரர்கள் பார்த்து மெச்ச வேண்டும், அதுதானே, உங்கள் பிள்ளையாக இருந்தால் கொடுப்பீர்களா என்று போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கேட்டேன். ஆமாங்க, தப்புதான் என்றார் வசந்தா. அவ்வளவு சாதாரணமாகச் சொன்னது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. சதீஷ் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார். பாவம், அக்காவைக் கண்டிக்கத் தைரியம் இல்லாத மனிதர் என்று நினைத்தேன்.

நாலரை மணிக்குக் குழந்தை முகத்தைச் சுளித்தது. காலை உதறியது. ஒயர் கழன்று மானிட்டர் கூவ ஆரம்பித்த அதே நேரத்தில் வாயைத் திறந்து வார்டே அதிர அழுதது. ரம்யா வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பிறகுதான் அவளும் அழுதாள். பக்கத்துக் கட்டில் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சதீஷ் மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் வரவில்லை.

ராத்திரி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாப்பாடு சொல்லியாகிவிட்டது என்பதால் ஞாயிறு விழாவைச் சுருக்கமாக நடத்தினார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் படம் எடுக்கப் போகவில்லை. போர்டுக்கு, லென்ஸ் மூடியோடு ரம்யா இடுப்பில் இருந்த படத்தை அனுப்பினேன். சனிக்கிழமை எடுத்த பதினான்கும் ஒருவருக்கும் தர மாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன். எனக்குத் தெரிந்தவர்கள் நாலு பேரிடம் வசந்தாவின் கதையை, பெயரைக்கூட மறைக்காமல், சொல்லி ஆற்றிக்கொண்டேன்.

6. செவ்வாய்க்கிழமை

செவ்வாய்க்கிழமை சதீஷ் தனியாக வந்தார். பஸ்ஸில் வந்து நடந்து வந்திருக்கிறார், சட்டை நனைந்திருந்தது. குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது, சாப்பிடுகிறது என்றார். பிறகு, அன்று எடுத்த படத்தை ஒரு தடவை பார்க்கலாமா என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பார்க்கலாம், தர மாட்டேன், உங்கள் அக்கா அனுப்பினார்களா என்று கேட்டேன்.

"அக்கா அனுப்பலக்கா" என்றார். அதுவரைக்கும் மேடம் என்று கூப்பிட்டவர். "மருந்து அக்கா குடுக்கல. நான்தான் குடுத்தேன்."

அவர் ஊருக்கு வந்த ஃப்ளைட்டில் பக்கத்து சீட்டில் ஒரு குடும்பம் வந்திருக்கிறது. குழந்தை அழாமல் தூங்க அந்த அப்பா ஏதோ சிரப் கொடுத்தாராம், குழந்தை இறங்குகிற வரைக்கும் அவர் மடியிலேயே தூங்கியதாம். மஸ்கட்டில் அவர் தங்கியிருக்கிற கேம்பிலும் குடும்பத்தோடு போய் வருகிறவர்கள் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறார். சனிக்கிழமை காலையில் ரம்யா குளிக்கப் போன நேரத்தில் பக்கத்திலேயே இருக்கிற அக்கா வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். எடுத்ததை அக்கா பார்த்திருக்கிறார். குழந்தைக்குச் சளி போல என்று நினைத்துக்கொண்டாராம். ஸ்டூடியோவில் நான் கேட்டபோதுதான் அவருக்குப் புரிந்திருக்கிறது. புரிந்த உடனே தன் தலையில் போட்டுக்கொண்டார்.

"வராந்தாவுல நீங்க திட்டுனதெல்லாம் கேட்டுட்டுத்தான் நின்னேன். அக்கா கண்ணாலயே பேசாதன்னுட்டாங்க. நீ பத்து நாள்ல போறவன், திட்டு என்னோட போவட்டும்னாங்க. ரம்யாகிட்ட நேத்துதான் சொன்னேன். அது இன்னும் எங்கூடப் பேசல."

எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? இவரையா? இவரைத் திட்டலாம், திட்டினேன்தான். பெற்ற பிள்ளையின் மூச்சோடு விளையாடினீர்களே என்று கேட்டேன். ஆனால் தூக்கம் நன்றாக இருந்தால் அழாது என்று எல்லாம் தெரிந்தவள் போலச் சொன்னது யார்? எவ்வளவு தூங்குகிறதோ அவ்வளவு நல்லது என்றது யார்? ஒன்றும் செய்யாத ஒரு பெண்ணை ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்க வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டது யார்? மூன்று நாளாக ஊர் பூராவும் அவளைப் பற்றிப் பேசியது யார்? அன்று சாயங்காலம் வசந்தாவைப் பார்க்கக் கோட்டுச்சேரி போனேன். மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்தார், அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அதைவிட இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அதற்கு முன்னால், சதீஷ் கேட்டபடி கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தேன். சதீஷ் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வந்த அன்னைலேர்ந்து ஒரு நிமிஷம் என்கிட்ட இருக்கல. அன்னைக்குத்தான் இருந்துச்சு. எவ்ளோ வெயிட்டுன்னே அன்னைக்குத்தான்க்கா தெரிஞ்சுது."

நான் அடுத்த படத்துக்கு நகர்த்தினேன்.

"அழிச்சிடுங்கக்கா. இது ஃபோன்ல இருந்துச்சுன்னா அங்க போயி தெனம் எடுத்துப் பாப்பேன். பாத்து சந்தோஷப்படுவேன். அதுதான் பயமா இருக்கு."

அவர் எதிரிலேயே பதினான்கு படத்தின் ஒரிஜினல் ஃபைலையும் அழித்தேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொன்னார். மெமரி கார்டில் இருக்குமா என்று கேட்டார். அதையும் ஃபார்மேட் செய்தேன். இத்தனை வருடத்தில் நான் எடுத்த நல்ல படம் அப்படித்தான் போனது. வருத்தமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

கிளம்பும்போது, இப்போது வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். தூக்குவதில்லை, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றார். நேற்று குழந்தையே அவர் வாட்சைப் பிடித்து இழுத்ததாம். படம் எடுத்தீர்களா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். தொழில் புத்தி. இல்லை என்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார்.

இப்போது முதல் பிறந்தநாள் ஷூட்டுக்கு யார் ஃபோன் செய்தாலும் நான் முதலில் கேட்பது பர்த்டே தீம் என்ன, கவுன் என்ன கலர் என்று அல்ல. குழந்தையின் அப்பா எங்கே வேலை பார்க்கிறார், ஊருக்கு வந்து எத்தனை நாள் ஆகிறது என்று கேட்கிறேன். பத்து நாள் ஆகவில்லை என்றால் டேட் தருவதில்லை. அம்மாவை பேக்ட்ராப்புக்குப் பின்னால் அனுப்புவதும் இல்லை, ஃப்ரேமுக்குள் அவள் கை தெரிந்தால் தெரியட்டும். என்ன சாப்பிட்டது, என்ன மருந்து உள்ளே போயிருக்கிறது என்று நேரடியாகக் கேட்டுவிட்டுத்தான் லைட்டைப் போடுகிறேன். சிலர் கோபித்துக்கொண்டு, தலை மாற்றித் தருகிற இடத்துக்குப் போகிறார்கள். அவர்கள் குழந்தைக்கு அதுவே மேல் என்று சில நாள் எனக்கே தோன்றுகிறது.

போன வாரம்கூட ஒருவர் ஃபோனில் சண்டைக்கு வந்தார். தம்பிக்குப் பன்னிரண்டு நாள்தான் லீவு, நீங்கள் பத்து நாள் கழித்து வரச் சொன்னால் எப்படி, அவன் திரும்பிப் போவதற்குள் அழாமல் ஒரு படம்கூட எடுக்க முடியாமல் போய்விடுமே என்றார். முடியாவிட்டால் எடுக்க வேண்டாம், அந்தப் பன்னிரண்டு நாளும் அவரைக் குழந்தை பக்கத்தில் போய் உட்காரச் சொல்லுங்கள் என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.